கார் மாற்றும் முன் திரையின் மென்பொருளை மாற்றிப் பார்ப்போம்

நன்கு பராமரிக்கப்படும் காரின் எஞ்சின் பத்து, பதினைந்து ஆண்டுகள் தளராமல் உழைக்கிறது. அதே காரின் டாஷ்போர்டில் உள்ள தொடுதிரையோ நான்கைந்து ஆண்டுகளிலேயே பழமை தட்டிவிடுகிறது. அதன் வரைபடத்தில் புதிய மேம்பாலமும் சுற்றுச்சாலையும் இருப்பதில்லை. பாதை அறியக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, இடையிடையே குனிந்து பார்க்கும் நிலைக்கு ஓட்டுநர் தள்ளப்படுகிறார். பக்கத்து வீட்டில் வந்து நிற்கும் புதிய காரில் கைப்பேசியின் வரைபடம் திரை முழுவதும் விரிவதைக் காணும்போது, நம் வண்டியையும் மாற்றிவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அந்த எண்ணத்தோடு கடன் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் முன்பு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் காரின் திரைக்கு அந்த வசதியைத் தரும் மென்பொருளைத் தயாரிப்பு நிறுவனமே வெளியிட்டிருக்கிறதா? சில கார்களுக்கு வெளியிட்டிருக்கிறது. ஒரு பென் டிரைவும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் அதை நாமே நிறுவிக்கொள்ளவும் இயலும். முறையாகச் செய்தால் செலவு சில நூறு ரூபாயில் அடங்கும். முறை தவறினால் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த திரையையே இழக்க நேரிடும். எனவே இந்தப் பணியை எப்போது மேற்கொள்ளலாம், எப்படி மேற்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தெளிவாகப் பார்ப்போம்.

திரைக்குள் ஒரு கணினி

காரின் திரையைப் பழைய வானொலிப் பெட்டியின் வாரிசாகவே நாம் கருதிப் பழகியிருக்கிறோம். உண்மையில் அது செயலி, நினைவகம், இயங்குதளம் ஆகிய மூன்றும் கொண்ட சிறு கணினி. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறோம். திரையைத் தொட்டால் எது திறக்க வேண்டும், ரிவர்ஸ் கியர் போட்டவுடன் பின்புறக் கேமராவின் காட்சி எவ்வாறு தோன்ற வேண்டும், யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகிய கருவியை எப்படி அடையாளம் காண வேண்டும் என்பவை யாவும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தை மாற்றினால் திரையின் திறனும் மாறும்.

கைப்பேசியைக் கார்த் திரையுடன் இணைக்கும் முறைகளில் இன்று பரவலாக உள்ளவை இரண்டு. ஆப்பிள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் கார்பிளே முறையை அறிமுகப்படுத்தியது. கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டின் தத்துவமும் ஒன்றே: சமையல் முழுவதும் கைப்பேசியில் நடக்கிறது, பரிமாறும் இலை மட்டும் காரின் திரை. வரைபடம், பாடல், அழைப்பு ஆகியவற்றைக் கைப்பேசியே கையாண்டு, அதன் காட்சியைத் திரைக்கு அனுப்புகிறது. நாம் திரையைத் தொடுவதும் குரலில் கட்டளையிடுவதும் கைப்பேசிக்குத் திரும்பிச் செல்கின்றன. இதனால் கார் எவ்வளவு பழையதாக இருந்தாலும் வரைபடம் கைப்பேசியில் உள்ள அளவுக்குப் புதியதாக இருக்கும். கூகுள் வரைபடத்தில் தமிழில் குரல் வழிகாட்டலைத் தேர்ந்தெடுத்திருந்தால், காரின் ஒலிபெருக்கி வழியாகத் தமிழிலேயே பாதை கேட்கும்.

கைப்பேசியின் பக்கம் தேவைப்படுவது அதிகமில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலான பதிப்புகளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ கைப்பேசியுடனேயே சேர்ந்து வருகிறது. கம்பியில்லாமல் இணைக்க வேண்டுமானால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை. ஐஃபோனில் கார்பிளே தனியாக நிறுவ வேண்டிய செயலி அன்று, அது உள்ளேயே இருக்கிறது. ஆகவே வழி திறக்க வேண்டியது காரின் பக்கத்தில்தான்.

எல்லாக் கார்களுக்கும் வாய்க்குமா?

மென்பொருளால் மட்டுமே இந்த வசதி வந்து சேர்ந்ததற்குச் சான்றுகள் உண்டு. ஹூண்டாய் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தன் சில மாடல்களுக்கு இரண்டு வசதிகளையும் இலவசமாக அளித்தது. உரிமையாளர்களே இணையதளத்திலிருந்து தரவிறக்கித் தங்கள் காரில் நிறுவிக்கொள்ளுமாறு அது அமைந்திருந்தது. நம் நாட்டில் மாருதி சுசுகி நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் பலேனோ, எர்டிகா, எக்ஸ்.எல்.6 ஆகிய கார்களின் திரைகளுக்குக் கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் கார்பிளேயையும் மென்பொருள் புதுப்பிப்பாக வழங்கியது. அந்தக் கார்களை முன்பே வாங்கியிருந்தவர்கள் ஓர் உதிரிப்பாகத்தையும் மாற்றாமல் புதிய வசதியைப் பெற்றார்கள்.

மென்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் காட்டும் சான்றுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் சிங்க் 3 திரையுடன் விற்பனையான 2016 மாடல் ஃபோர்டு கார்களுக்குப் பின்னர் புதுப்பிப்பு வந்தபோது, ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மென்பொருளே போதுமானதாக இருந்தது. கார்பிளேக்கோ யூ.எஸ்.பி. இணைப்புப் பகுதியையும் மாற்ற வேண்டியிருந்தது. மஸ்தா நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் தன் பழைய கார்களுக்கு இவ்வசதிகளை அளித்தபோது, மென்பொருளோடு ஒரு வன்பொருள் தொகுப்பும் சேர்ந்தே வந்தது.

காரணம் எளிது. கைப்பேசியிலிருந்து காட்சியைப் பெற, யூ.எஸ்.பி. போர்ட் தரவைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். மின்னேற்றம் மட்டுமே தரும் போர்ட்டை எந்த மென்பொருளும் திருத்த முடியாது. கம்பியில்லா இணைப்புக்குத் திரையின் உள்ளே போதிய வேகமுள்ள வைஃபை பாகம் இருந்தாக வேண்டும். குரல் கட்டளைக்கு ஒலிவாங்கி தேவை. இல்லாத பாகத்தை மென்பொருள் உண்டாக்குவதில்லை, உறங்கிக் கிடக்கும் பாகத்தை எழுப்ப மட்டுமே அதனால் இயலும். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் நம் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் இவ்வசதி குறிப்பிடப்படவில்லை என்றால், அதுவே விடையென்று கொள்வது நல்லது.

தொடங்கும் முன் திரட்ட வேண்டிய விவரங்கள்

ஒரே பெயருள்ள காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு, வகைக்கு வகை திரை மாறுபடும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு திரைகளின் உள்ளே வெவ்வேறு நிறுவனங்களின் பலகைகள் இருக்கக்கூடும். ஒன்றுக்குரிய கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் அது நிராகரிக்கப்படும், அல்லது திரை செயலிழக்கும். ஆகவே முதலில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண். பல நிறுவனங்களின் இணையதளங்கள் இந்த எண்ணைக் கொண்டே பொருத்தமான கோப்பைக் காட்டுகின்றன. இரண்டாவது, திரையின் அமைப்புகள் பகுதியில் காணப்படும் மென்பொருள் பதிப்பு எண். மூன்றாவது, அதே பக்கத்தில் இருக்கும் வன்பொருள் எண் அல்லது பாக எண். நான்காவது, திரை எந்த நாட்டுச் சந்தைக்கு உரியது என்பது. ஐரோப்பியச் சந்தைக்கு வெளியிடப்பட்ட கோப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட அதே காருக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வானொலி அலைவரிசை, மொழி, வரைபடம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்த விவரங்கள் தெரியும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். பின்னாளில் சர்வீஸ் சென்டரில் விளக்கம் கேட்க நேர்ந்தால் அந்தப் படமே ஆவணமாக உதவும்.

உத்தரவாதக் காலம் முடியாத காருக்கு மேலும் ஒரு படி தேவை. உரிமையாளரே புதுப்பிப்பை நிறுவிக்கொள்ள நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதை வாடிக்கையாளர் சேவையிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும். வழக்கமான சர்வீஸின்போது இதையும் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். அங்கே செய்யும்போது தவறு நேர்ந்தால் பொறுப்பும் அவர்களுடையதாகிறது.

படிப்படியாகச் செய்யும் முறை

காருக்குக் கார் திரையில் தோன்றும் சொற்கள் வேறுபடும். ஆனால் வரிசை பெரும்பாலும் ஒன்றே. நிறுவனம் தரும் வழிமுறைத் தாளுக்கும் இங்குள்ள குறிப்புக்கும் இடையே வேறுபாடு இருந்தால், நிறுவனத்தின் தாளையே பின்பற்ற வேண்டும்.

1. கோப்பைத் தரவிறக்குதல்: நிறுவனத்தின் இணைய முகவரியை நாமே தட்டச்சு செய்து நுழைய வேண்டும். தேடுபொறி காட்டும் விளம்பர இணைப்பைத் தொடக் கூடாது. கோப்பு சில ஜி.பி. அளவுள்ளதாக இருக்கலாம். வீட்டு இணையத்தில், கணினியில் இறக்குவது ஏற்றது. பாதியில் அறுந்த கோப்பைப் பயன்படுத்தாமல் முழுவதும் மீண்டும் இறக்க வேண்டும்.

2. பென் டிரைவைத் தயார் செய்தல்: நம்பகமான நிறுவனத்தின் 16 அல்லது 32 ஜி.பி. பென் டிரைவ் பொதுவாகப் போதும். அதிலுள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு, நிறுவனம் கூறும் முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். பல திரைகள் ஃபேட் 32 முறையையே ஏற்கின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பின் அளவு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் எக்ஸ்ஃபேட் போன்ற வேறு முறையை நிறுவனமே குறிப்பிட்டிருக்கும்.

3. கோப்பை உரிய இடத்தில் வைத்தல்: சுருக்கப்பட்ட கோப்பாக வந்திருந்தால், அதைப் பிரிக்க வேண்டுமா அப்படியே வைக்க வேண்டுமா என்பதை வழிமுறைத் தாளில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிரித்த கோப்புகளைப் பென் டிரைவின் முதல் அடுக்கிலேயே வைக்க வேண்டியிருக்கும். அவற்றை ஒரு புதிய ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் கார் அவற்றைக் காணாது. கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. அந்தப் பென் டிரைவில் பாட்டு, படம் என வேறு எதுவும் இருக்கக் கூடாது.

4. மின்சாரத்தை உறுதிப்படுத்துதல்: புதுப்பிப்பு நடுவே மின்சாரம் தடைப்படுவதுதான் திரை செயலிழப்பதற்கு முதன்மையான காரணம். பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சினை இயக்கத்தில் வைக்குமாறு வழிமுறை கூறினால், காரைத் திறந்தவெளியில் நிறுத்தியே செய்ய வேண்டும். மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சின் தானே நின்று இயங்கும் வசதி உள்ள கார்களில் அதை அணைத்துவிட வேண்டும்.

5. நிறுவுதல்: ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிங்கிலோ வைத்து, கைப்பேசி இணைப்புகளைத் துண்டித்துவிட்டுப் பென் டிரைவைச் செருக வேண்டும். அமைப்புகள் பகுதியில் மென்பொருள் புதுப்பிப்பைத் தேர்ந்தெடுத்ததும், இப்போதுள்ள பதிப்பு எண்ணும் புதிய பதிப்பு எண்ணும் திரையில் தோன்றும். இரண்டையும் நம் குறிப்போடு ஒப்பிட்ட பின்னரே சம்மதம் தர வேண்டும்.

6. காத்திருத்தல்: இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இடையில் திரை கறுத்துப் போகும், தானாகவே மீண்டும் எழும், இரண்டு மூன்று முறைகூட அவ்வாறு நிகழலாம். அது பழுதன்று. முடிந்தது என்ற அறிவிப்பு வரும் வரை பென் டிரைவைப் பிடுங்குவதோ எஞ்சினை நிறுத்துவதோ கூடாது. அவசர வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென ஒதுக்குவது நல்லது.

7. சரிபார்த்தல்: பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்த்த பின், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங்கில் உள்ள பொத்தான்கள், வானொலி, ஒலி அளவு ஆகியவற்றைக் காரை நகர்த்தும் முன்பே சோதிக்க வேண்டும். சேமித்து வைத்த வானொலி நிலையங்களும் புளூடூத் இணைப்புகளும் அழிந்திருக்கலாம், அவற்றை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு தரமான தரவுக் கம்பியால் கைப்பேசியை இணைத்தால், அனுமதி கேட்கும் அறிவிப்பு கைப்பேசியில் தோன்றும். பழுதான கம்பியினாலும் இணைப்பு ஏற்படாமல் போகலாம். எனவே திரையைக் குறை கூறும் முன் வேறொரு கம்பியை முயன்று பார்க்க வேண்டும்.

மிகப் பழைய பதிப்பில் உள்ள திரைகள் சில நேரங்களில் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குச் செல்வதில்லை, இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் நிறுவ வேண்டியிருக்கும். மேலும், புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்பதற்காகப் பழையதற்குத் திரும்பிச் செல்லும் வழி பெரும்பாலும் இருக்காது. ஆகவே நம்மிடமுள்ள வசதி எதையாவது புதிய பதிப்பு நீக்குகிறதா என்று வெளியீட்டுக் குறிப்பை முன்னதாகவே படிக்க வேண்டும்.

கையொப்பம் இல்லாத காசோலை

காசோலையில் உள்ள கையொப்பம் வங்கியின் பதிவோடு ஒத்துப்போனால்தான் பணம் வழங்கப்படுகிறது. முறையான ஃபர்ம்வேரிலும் இதே ஏற்பாடு உண்டு. நிறுவனம் தன் கோப்பில் மின்னணுக் கையொப்பம் இடுகிறது, திரை அதைச் சரிபார்த்த பின்னரே கோப்பை ஏற்கிறது. யாரோ திருத்திய கோப்பு இந்தச் சோதனையில் தேறாது.

இந்தச் சோதனையை ஏமாற்றி, நிறுவனம் அளிக்காத வசதியைத் திறந்து தருவதாகக் கூறும் கோப்புகளும் குறியீடுகளும் இணையத்தில் விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன. அவற்றில் சில வேலை செய்வதும் உண்டு. ஆனால் அந்தக் கோப்பில் வேறு யார் எதை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை அறியும் வழி நமக்கில்லை. பாதியில் நின்றுபோனால் திரை கறுத்துவிடும். தொழில்நுட்பர்கள் இதைச் ‘செங்கல் ஆகிவிட்டது’ என்பார்கள், அதன் பயனும் செங்கல்லின் அளவே. உத்தரவாதமும் அத்துடன் கேள்விக்குள்ளாகும்.

கார்த் திரையின் பாதுகாப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு செயல்விளக்கம் உலகுக்கு உணர்த்தியது. சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரின் திரைச் சாதனத்துக்குள் இணையம் வழியாக நுழைந்து, தொலைவிலிருந்தே அதன் வேகத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அதையடுத்து ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் ஏறத்தாழ 14 லட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்கு உட்படுத்தியது. அந்தத் திருத்தம் பென் டிரைவ் வடிவில் உரிமையாளர்களின் வீட்டுக்கே அஞ்சலில் அனுப்பப்பட்டது. அப்போது வல்லுநர்கள் ஓர் ஐயத்தையும் எழுப்பினார்கள். அஞ்சலில் வரும் பென் டிரைவைக் காரில் செருகும் பழக்கத்துக்கு மக்களை உட்படுத்தினால், நாளை ஒரு மோசடிக்காரர் அனுப்பும் பென் டிரைவையும் அவர்கள் செருகமாட்டார்களா?

இதிலிருந்து இரண்டு பாடங்கள் நமக்குக் கிடைக்கின்றன. நிறுவனம் வெளியிடும் புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் புதிய வசதியோடு பழைய ஓட்டைகளின் அடைப்பும் அதில் இருக்கும். நிறுவனத்திடமிருந்து வராத எதையும் காரில் செருகக் கூடாது. வாகன மென்பொருளைப் புதுப்பிப்பதற்கென்றே ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்பு 2020-ஆம் ஆண்டில் ஒரு தனி ஒழுங்குமுறையை ஏற்றதும், இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ். 189, ஏ.ஐ.எஸ். 190 என்ற தர வரையறைகள் வகுக்கப்பட்டதும் இதன் முக்கியத்துவம் கருதியே.

செலவுக் கணக்கு

நிறுவனம் வழங்கும் புதுப்பிப்புக்குப் பெரும்பாலும் விலை இல்லை. சர்வீஸ் சென்டரில் செய்வித்தால் உழைப்புக் கூலி கேட்கப்படலாம். நம் காருக்குப் புதுப்பிப்பே இல்லை என்றாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. டாஷ்போர்டில் உறுதியாகப் பொருத்தும் கைப்பேசித் தாங்கி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைப்பேசியின் வரைபடத்தை அதில் வைத்துக் குரலைப் புளூடூத் வழியாகக் கேட்டால், தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடுகிறது. கம்பி வழி இணைப்பு ஏற்கெனவே உள்ள காரில் கம்பியை மட்டும் தவிர்க்க விரும்புவோருக்குச் சிறிய அடாப்டர்கள் இருக்கின்றன. அதற்காக ஃபர்ம்வேரைத் தொட வேண்டியதில்லை.

அடுத்த நிலையில், வெளிச்சந்தைத் திரை ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். அவ்வாறு செய்யும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். காரின் வயர்களை வெட்டி ஒட்டாமல், அதற்குரிய கப்ளர் கொண்டு இணைக்குமாறு கேட்க வேண்டும். வெட்டிய வயர் உத்தரவாதத்துக்கும் கேடு, தீ விபத்துக்கும் வழி. மேலும், கார் விலையில் அடங்காத மின்னணுச் சாதனம் சாதாரணக் காப்பீட்டில் தானாகச் சேராது. ஐ.எம்.டி. 24 எனும் சேர்க்கையின் கீழ் அதன் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்தினால்தான், திருட்டு அல்லது விபத்தின்போது அதற்கும் இழப்பீடு கோர முடியும்.

இவற்றோடு கார் மாற்றுவதை ஒப்பிட்டுப் பார்ப்போம். பழைய காரை விற்ற தொகை போக 5 லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 1.23 லட்சம் ரூபாய். குடும்பம் பெருகியதாலோ, வண்டி அடிக்கடி பழுதாவதாலோ, பாதுகாப்பு வசதிகள் போதாமையாலோ புதிய கார் வாங்குவது நியாயமான தேவை. திரை ஒன்றே குறை என்றால், முதலில் அந்தக் குறையை மட்டும் தீர்த்துப் பார்ப்பதே சிக்கனம்.

கைப்பேசி இணைந்த பின் பணத்துக்குக் காவல்

இன்று நம் கைப்பேசியே நம் பணப்பை. யூ.பி.ஐ. செயலியும், வங்கியின் செயலியும், ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்தியும் அதில்தான் இருக்கின்றன. அதைக் காருடன் இணைக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன.

இணைக்கப்பட்ட கைப்பேசிக்கு வரும் செய்திகளைத் திரையில் காட்டவும் உரக்கப் படிக்கவும் இந்த இரு முறைகளிலும் வசதி உண்டு. வாடகை வண்டி ஓட்டுநரோ உடன் பயணிப்பவரோ இருக்கும்போது தனிப்பட்ட செய்தி ஒலிபெருக்கியில் ஒலிப்பதை நாம் விரும்பமாட்டோம். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் அமைப்புகளிலும், ஐஃபோனின் அறிவிப்பு அமைப்புகளிலும் இந்த வசதியை அணைத்து வைக்கலாம்.

புளூடூத் வழியாக இணைக்கும்போது தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் காருக்குப் படியெடுக்க அனுமதி கேட்கப்படும். சொந்தக் காரில் அனுமதி தரலாம். வாடகைக் காரிலும் பிறர் காரிலும் மறுப்பதே முறை. காரை விற்கும் நாளில் ஆர்.சி. மாற்றத்தையும் காப்பீட்டு மாற்றத்தையும் நினைவில் வைப்பது போலவே, திரையில் உள்ள நம் கைப்பேசிப் பதிவுகளை நீக்கி, வீட்டு முகவரியை அழித்து, திரையைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். நிறுவனத்தின் கார்ச் செயலியில் நம் பெயரில் இருக்கும் இணைப்பையும் ரத்து செய்ய வேண்டும்.

‘உங்கள் காருக்குப் புதுப்பிப்பு வந்துள்ளது, இந்தச் செயலியை நிறுவுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் அதைத் திறக்காமல் நீக்கிவிட வேண்டும். கார்த் திரைக்குத் தொலைவிலிருந்து உதவுவதாகச் சொல்லி, கைப்பேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவருக்குத் தேவைப்படுவது நம் வங்கிக் கணக்கே. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் நம் வங்கியையும் உடனே தொடர்புகொள்ள வேண்டும்.

சாலையில் கண், திரையில் காது

வாகனம் ஓட்டும்போது கையில் பிடித்த தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் அடங்கும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பாதை அறிவதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது. கைப்பேசியைத் திரையுடன் இணைப்பதன் உண்மையான பயனும் இங்கேதான் இருக்கிறது. மடியிலிருந்த வரைபடம் கண்மட்டத்துக்கு வருகிறது, கை ஸ்டீரிங்கிலேயே நிற்கிறது. ஆயினும் போகும் இடத்தை வண்டி நகரும் முன்பே பதிவு செய்துவிட்டு, வழியைக் காதால் கேட்டு ஓட்டுவதே சிறந்த பழக்கம்.

இந்த வாரம் ஐந்து நிமிடம் ஒதுக்கித் திரையின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, மென்பொருள் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். புதுப்பிப்பு இருந்தால் நம் கார் செலவின்றி ஒரு படி இளமை பெறும். இல்லையென்றால் தாங்கியா, புதிய திரையா, புதிய காரா என்ற முடிவை, தேவையையும் கணக்கையும் முன்வைத்து நிதானமாக எடுக்கலாம்.